சூளைச் சுவரில் ஒரு பாஸ்வேர்ட்

அடியே,

இன்றைக்குக் காலையில் சர்வர் நிற்கும் இரும்பு ரேக்கை இழுத்துப் போட்டுக் கூட்டினேன். அடியில் கையை விட்டதும் சுருக்கென்று ஏறியது. கட்டைவிரலிலிருந்து ரத்தம் தரையில் சொட்ட, வெளியே எடுத்துப் பார்த்தால் பீங்கான் சில்லு. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் பழுப்பு மெருகு. எத்தனை தடவை கூட்டியிருப்போம், எங்கேதான் ஒளிந்திருந்ததோ சனியன். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்தினேன். அழவில்லை, கத்தினேன். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் பதறிப்போய்ப் படியேறி வந்தார்.

"என்னாம்மா ஸ்டெல்லா, கரண்ட் கிரண்ட் அடிச்சிடுச்சா?"

"ஒண்ணுமில்லீங்க, போங்க" என்றேன். அவர் என் விரலைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், இறங்கிப் போனார். அவருக்கும் அந்த நாள் மறக்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். உன் மெயில் பெட்டியை நான் இன்னும் மூடவில்லை. செத்துப்போனவளுக்கும் லோன் வேண்டுமா, உடம்பு இளைக்க மாத்திரை வேண்டுமா என்று ஸ்பேம் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் குப்பைக்குள் இதையும் போட மனசில்லை. பேனாவால் எழுதுகிறேன்.

நம் தொழில் என்னவென்று ஊருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் மெயில் முகவரியும் அமைத்துக் கொடுத்து, அவை நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வது. ஜங்ஷன் ரோட்டு மாடியில் ஒரே அறை. மெயில் சர்வர் மட்டும் நம் கண்முன்னேயே இருக்கட்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். "அடுத்தவன் வூட்ல புள்ளைய வுட்டுட்டு இங்க தூங்க முடியாதுடி" என்பாய். நமக்கு வந்த முக்கால்வாசிப் பேர் செராமிக்காரர்கள். டாய்லெட் பேசின் செய்கிறவர், பொம்மை செய்கிறவர், கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற தணிகாசலம்.

அவர்கள் ஆறு கம்பெனி சேர்ந்து ஒரு பெரிய சூளையைப் பங்கு போட்டு ஓட்டினார்கள். யார் சரக்கு எப்போது உள்ளே போகும் என்ற முறை மெயிலில் வரும். அந்த முறைக்காக முன்பு ஒருமுறை மண்டை உடைந்திருக்கிறது. அதனால் ஆறு பேரும் பேசி ஒரு முடிவெடுத்தார்கள்: முறைக்கு ஒரே மெயில் பெட்டி, ஒரே பாஸ்வேர்ட், அது ஆறு பேருக்கும் திறந்தே இருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, என்னை ஏமாற்றிவிட்டான் என்று நாளைக்கு ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது. இதற்காக மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் சூளைக் கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தார்கள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம்.

முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு நீ அந்தக் கொட்டகையில் போட்ட ஆட்டம் இருக்கிறதே! "வூட்டு சாவிய வாசல்ல ஆணியடிச்சி மாட்டுவீங்களா? மாட்டுவீங்களாய்யா?" என்று தொண்டை கிழியக் கத்தினாய். தணிகாசலம்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். "வாசல்ல மாட்டுனாதாம்மா எவனும் எடுக்க மாட்டான். ஒளிச்சி வச்சாதான் சந்தேகம் வரும்." நீ பாஸ்வேர்டை மாற்றுவாய், அவர்கள் பழையதன் மேல் வெள்ளை அடித்துப் புதியதை எழுதுவார்கள். "பெயிண்டு காயறதுக்குள்ள மாத்தாதீங்கம்மா" என்று போனில் கெஞ்சல் வேறு.

அப்புறம் அந்த நாள். காலையில் கதவைத் திறக்கும்போதே போன் அலறிக்கொண்டிருந்தது. மெயில் போகவில்லை, வரவில்லை, நேற்று அனுப்பியது இன்னும் சேரவில்லை. நீ வெளியே போகக் காத்திருக்கும் மெயில் வரிசையைத் திறந்தாய். பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. லாட்டரி, மாத்திரை, நமக்குத் தெரியாத பாஷையில் ஆபாசம். அத்தனையும் சூளைப் பெட்டியிலிருந்து கிளம்பியவை. அவர்களில் ஒருத்தர், சூளையிலிருந்து இறங்கிய பேசின்களைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார். பேசின்களுக்குப் பின்னால் சுவர் பளிச்சென்று தெரிகிறது. அது எங்கேயோ ஒரு திருடன் கண்ணில் பட்டு, நம் சர்வர் வழியாக உலகம் முழுக்கக் குப்பையை வாரி இறைத்துவிட்டான். பெரிய மெயில் கம்பெனிகளெல்லாம் நம் சர்வரையே தடைப் பட்டியலில் போட்டுவிட்டன.

"ஊரே நம்ம மூஞ்சில கதவ சாத்திடுச்சுடி" என்று சொல்லிக்கொண்டே முதலில் சூளைப் பெட்டியைப் பூட்டினாய்.

"வரிசைய மொத்தமா அழிச்சிடலாம்டி. எல்லாரையும் திரும்ப அனுப்பச் சொல்லிடுவோம்" என்றேன் நான்.

என்னை அறைந்துவிடுவாய் போலத் திரும்பினாய். "உள்ள எவன் என்னா எழுதி வச்சிருக்கானோ. அழிக்க நீ யாரு, நான் யாரு?"

சென்னையில் தெரிந்தவர் ஒருவரிடம் பேசி, தடைபடாத வேறொரு வழியை வாங்கினாய். ஆனால் அதன் வழியாகக் குப்பை ஒன்று போனாலும் அதையும் அடைத்துவிடுவார்கள். ஆகவே குப்பையை முழுக்கப் பிரித்துவிட்டு நல்லதை மட்டும் அனுப்ப வேண்டும். பிரிக்க உட்கார்ந்தாய். மத்தியானம் ஆகியும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். தணிகாசலமும் அவன் ஆட்கள் மூன்று பேரும். அவனுக்கு வடநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்டர். சம்மதம் என்ற பதில் அன்று சாயந்திரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அதுவும் அவன் கம்பெனி முகவரியிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். காலையிலேயே அனுப்பியிருக்கிறான். வரவில்லை, வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று அங்கிருந்து போன். அந்த ஆர்டர் போனால் கம்பெனியை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற நிலையில் இருந்தான். இது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது.

கையில் இன்சுலேட்டர். நல்ல கனம். வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவின் மேல் அடித்தான். கதவு மொத்தமும் பொலபொலவென்று இறங்கியது.

"எங்கடி அந்த மெஷினு? இன்னிக்கி அத ஒடச்சி ரோட்ல போடல, நான் தணிகாசலம் இல்ல!"

ஆட்களில் ஒருவன் மானிட்டரைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். இன்னொருவன் நாற்காலியைத் தூக்கி என் மேல் வீசினான். தோள்பட்டையில் பட்டு நான் மூலையில் போய் விழுந்தேன். நீ ரேக்கின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாய்.

"டேய், உன் மெயிலும் இதுக்குள்ளதான்டா இருக்குது! இது ஒடஞ்சா இன்னிக்கி உன் அட்ரஸ்லேருந்து ஒண்ணும் போவாது. ஒரு மணி நேரம் குடு!"

"காலையிலேருந்து இதத்தான சொல்ற! தள்ளு!"

தள்ளவில்லை நீ. கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்தில் ஓங்கி அறைந்தாய். எழுத்துப் பொத்தான்கள் அறை முழுக்கச் சிதறின. அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான்; நீ அவன் மணிக்கட்டைக் கடித்தாய். தெருச்சண்டையில் நாய் கடிப்பதுபோல, விடவே இல்லை. வலி தாங்காமல் மற்றக் கையிலிருந்த இன்சுலேட்டரை வீசினான். உன் வலது காதோரம் பட்டு, ரேக்கின் முனையில் மோதி, சில்லுச் சில்லாக உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவன் ஆட்கள் மூன்று பேரும் படியில் உருண்டு புரண்டு ஓடினார்கள்.

நீ விழவில்லை. காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து ரவிக்கை என்று ரத்தம் ஓட, உடையாமல் மிஞ்சியிருந்த லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாய். நான் துண்டை எடுத்து வந்து அழுத்திப் பிடித்தேன். ரத்தத்தில் துண்டு நழுவி நழுவிப் போனது. "ஒழுங்கா புடிடி" என்று அதற்கும் திட்டினாய். தணிகாசலம் கண்ணாடித் தூளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கால் கிழிந்தது அவனுக்கு உறைக்கவே இல்லை.

"உன் மெயில்ல தலைப்பு என்னாடா போட்ட?" என்று திரும்பாமலே கேட்டாய்.

சொன்னான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு. இந்தக் காதுல ஒண்ணும் வுழல."

மறுபடி சொன்னான். நீ தேடினாய், பிரித்தாய், மறுபடி தேடினாய். மருந்துக்கடைக்காரர் பஞ்சும் கட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயந்திரம் ஆவதற்குள் அவன் மெயில் போனது. அங்கிருந்து கிடைத்துவிட்டது என்று அவன் போனுக்குத் தகவலும் வந்தது. அதற்குப் பிறகுதான் நீ மேசையில் தலையைச் சாய்த்தாய்.

செவிப்பறை கிழிந்து உள்காதும் போய்விட்டது, வலது காது இனிக் கேட்காது என்று புதுச்சேரியில் டாக்டர் சொன்னார். போலீஸில் எழுதிக்கொடு என்று நான் உன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நீ மாட்டேன் என்றாய். "அவன ஸ்டேஷன்ல குந்த வச்சா அந்தச் சுவத்த யாரு சுரண்டுறது?" தலையில் கட்டோடு சூளைக் கொட்டகைக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து, தணிகாசலம் கையில் கம்பி பிரஷைக் கொடுத்தாய். ஆறு கம்பெனி ஆட்களும் பார்க்க, செங்கல் தெரியும் வரைக்கும் அவனைத் தேய்க்கவைத்தாய். முறை மெயில் ஒரே நொடியில் ஆறு பேருக்கும் தனித்தனியாகப் போகும்படி மாற்றினாய். அதற்கப்புறம் முறைக்காக அங்கே சண்டை வரவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. சுவரைத் தேய்த்தால் காது வந்துவிடுமா?

அதைக் கேட்டபோது சிரித்தாய். "இன்னொரு காது இருக்குதுல்ல, வுடுடி."

விட்டேன். நீயும் போனாய், வேப்பூருக்கு, ரோட்டோர ஓட்டல்காரர் ஒருவரின் வெப்சைட் வேலையாக. பஸ்ஸை விட்டு இறங்கி நெடுஞ்சாலையைக் கடந்திருக்கிறாய். வண்டி வலப்பக்கத்திலிருந்துதான் வரும். ஆம்னி பஸ் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஹாரன வுட்டு கைய எடுக்கலம்மா. அந்தம்மா திரும்பியே பாக்கல." எனக்கு மட்டும் விளங்கியது: ஒற்றைக் காதுக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியாது. உன்னைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் தவிர எதையும் பார்க்கவிடவில்லை.

எடுக்கிற அன்றைக்குத் தணிகாசலம் மாலையோடு வந்தான். நான் அந்த மாலையைப் பிடுங்கி அதனாலேயே அவனை அடித்தேன். பூ உதிர்ந்து நார் மட்டும் மிஞ்சும் வரை அடித்தேன். "ஹாரன் கேக்கலடா அவளுக்கு! நீ அடிச்ச காதுடா அது!" என்று சாவு வீடே அதிரக் கத்தினேன். பாவி, தடுக்கவில்லை. "அடிங்கம்மா" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. யாரோ வந்து என்னை இழுத்துப் போனார்கள்.

அவன் இன்னும் நம்மிடம்தான் மெயில் வைத்திருக்கிறான், தெரியுமா? வேறு இடம் போ என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். போக மாட்டேன் என்கிறான்.

போன வாரம் மறுபடியும் ஸ்பேம் வெள்ளம். இந்தத் தடவை வேறு எவனோ ஒருத்தனின் பெட்டி. வரிசை அடைத்துக்கொண்டது. உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். குப்பைக்கு நடுவில் தணிகாசலத்தின் மெயில் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. தலைப்பிலேயே அவசரம் என்று போட்டிருந்தான். அடியே, ஒரு பொத்தான்தான். ஸ்பேமோடு ஸ்பேமாகப் போயிருக்கும், கடவுளுக்குக்கூடத் தெரியாது. என் விரல் அழிக்கிற பொத்தானின் மேல் போய் நின்றது. உடம்பெல்லாம் கொதித்தது. அவன் அழ வேண்டும், அவன் கம்பெனி மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அழிக்க நீ யாரு என்று நீ கேட்டது காதுக்குள் கேட்டுத் தொலைத்தது. உன்னைக் கண்டபடி திட்டிக்கொண்டே அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே போன் செய்தான்.

"என் மெயிலு போயிடுச்சுங்களாம்மா?"

"போயிடுச்சு."

"ரொம்ப நன்றிங்கம்மா. நீங்க மட்டும் பாக்கலன்னா..."

"நான் அனுப்பல. என் கை அழிக்கத்தான் போச்சு. அவதான் அனுப்புனா."

  போனை வைக்காமல் இன்னொரு தடவை சொன்னேன். அவன் மெயில் சிக்கி நான் எடுத்துவிடும் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்கட்டும். அவனுக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது.