கோபுரத்துக் குழாயும் எங்கள் வீட்டு டி.வி.யும்

28 மே 2006, ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார். வீட்டில் பெண்கள் அடிபடுவதைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்யலாம் என்று கருத்துக் கேட்க அதிகாரிகள் வருகிறார்களாம். சனிக்கிழமை, கோயில் ஹாலில். பெண்கள் மட்டும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. முன் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து முந்தானை சரிய ஆரம்பித்தது. எனக்கும்தான்; குனிந்து சரிசெய்துகொண்டேன்.

வெளியே என் வீட்டுக்காரர் மேத்யூ, ஹார்பர் கூட்டாளிகளிடம், "பொண்டாட்டிய அடிச்சா கவர்மெண்ட்டு வந்து மருந்து போடுமா?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

30 மே

விலா வலிக்கிறது. குழம்பில் உப்பாம். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடிப்பதற்கு முன் டி.வி.யைச் சத்தமாக வைப்பார். பாட்டோ கிரிக்கெட்டோ, எதுவானாலும் சரி. ரிமோட்டைக் கையில் எடுத்தாலே நான் அடுப்பை அணைத்துவிடுவேன். எதிர் வீட்டு முத்தம்மாக்கா ஒருநாள், "உங்கூட்டுக்காரருக்குக் காது மந்தமா ரூத்து?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

2 ஜூன்

போகலாமா? போனது தெரிந்தால்? பீடத்துக்குப் பூ வைக்கப் போகிறேன் என்று சொல்லலாம். கோயில் வேலை என்றால் கேட்கமாட்டார். பொய்தான். மாதா மன்னிக்கட்டும்.

3 ஜூன், சனி

செத்தேன்.

ஹாலில் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். இரண்டு அதிகாரி அம்மாக்கள். ஒயின் ஷாப்பை மூடணும் என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் மைக்கைப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். மைக் என்னிடம் வந்தது. தினமும் மாலையில் கோயில் மைக்கில் செபமாலை சொல்லிப் பழகிய கை, தானாக வாங்கிக்கொண்டது. பெயர் சொல்லவில்லை. ரிமோட், டி.வி., விலா, எல்லாம் சொல்லிவிட்டேன். "படியில விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில எழுதிக்கிறாங்க. எங்கூட்ல படியே கெடையாதும்மா. டி.வி. சத்தம் ஏறுனா யாராச்சும் வந்து கதவத் தட்டணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வெளியே வந்தால் தெருவே நின்று என்னைப் பார்க்கிறது. மைக் போடுகிற ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் ஓடி வந்தார். "செபமாலைக்குப் போடுற மாதிரியே கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரையும் சேத்துப் போட்டுட்டேம்மா. கைப்பழக்கம். மன்னிச்சுக்கோ." அவர் கண் கலங்கியிருந்தது.

தினம் குழாயில் கேட்கிற குரல். பெயர் சொல்லாவிட்டால் என்ன, சொன்னால் என்ன?

மேத்யூ ஷிஃப்ட் முடிந்து வரவேண்டும். கூட்டாளிகள் சொல்லாமலா இருப்பார்கள்? எண்ணூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடவா? பொறுத்துக்கோ என்றுதான் அம்மா சொல்வாள். பயமா இருக்கு. மாதாவே, ரொம்ப பயமா இருக்கு.

4 ஜூன், ஞாயிறு

நேற்று வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

சாயங்காலம் கதவைச் சாத்தினார். "ஊரு பூரா என் மானத்த வாங்கிட்டல்ல?" ரிமோட்டை எடுத்தார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ரூத்து! டி.வி. சத்தம் ஜாஸ்தியா கீதே. இன்னா பண்ணிகினு கீற உள்ள?"

முத்தம்மாக்கா. அவளுக்குப் பின்னால் மீன் கூடையோடு ஒருத்தி, மாவுக் கையோடு ஒருத்தி, இன்னும் யார் யாரோ. யாரும் சண்டை போடவில்லை. நகரவும் இல்லை. மேத்யூ டி.வி.யை அணைத்தார்.

11 ஜூன்

இந்த வாரம் டி.வி. ஊமையாக ஓடுகிறது. எத்தனை நாளைக்கோ. ரிமோட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

19 ஜூன்

அதிகாரிகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கோடி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருக்கிற ஹில்டா வீட்டில் டி.வி. சத்தம் திடீரென்று ஏறியது. பாட்டு. இன்னும் ஏறியது.

மேத்யூ நிமிர்ந்து பார்த்தார். "உக்காரு" என்றார்.

அரிசியை அப்படியே வைத்தேன். ஈரக் கையோடு போய் அந்தக் கதவைத் தட்டினேன்.