துளை மூடாத மணிகள்

பெரியவனுக்கு,

அம்மா எழுதறது. இங்க நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கறேன்னு நம்பறேன். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டறார், என்னமோ படி கட்டினதே நான்தான்ங்கற மாதிரி. வேலையை விட்டுட்டு அங்க வந்துடச் சொல்லிப் போன்ல கேட்டே, சட்டுனு பதில் வரல, அதான் எழுதறேன். இப்ப வரமாட்டேன்டா. கோபப்படாம முழுசாப் படி.

எங்க தொழிற்சாலையில நாற்காலிக்கு வார்னிஷ் பூசிக் காய வைக்கிற கொட்டகை இருக்கில்ல, அங்க வேலை செய்யற பொம்பளைங்களுக்கு அந்தப் புகையால எப்பவும் தலைவலி. புகையைச் சிதைச்சுப் போடற மணிகள் செய்யறதுதான் என் ஆய்வகத்துக்கு வந்த வேலை. களி மாதிரி ஒரு கலவையில சோப்பு போல ஒரு பொருளைச் சேர்த்து, கடுகு கணக்கா உருட்டி, காய வச்சு சூளையில வைப்போம். சோப்பு எரிஞ்சு போனா அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையா நிக்கும். அதுக்குள்ள உலோகத்தை ஒட்ட வச்சா, நுழையற புகை அங்கேயே உடைஞ்சு போகும். சொல்றது சுலபம், சூளையைத் திறந்தா மணிக்குப் பதிலா மாவு. எங்க மேலாளருக்கு நாங்க வச்ச பேர் சீக்கிரம், வாயைத் திறந்தா அதைத்தான் சொல்வார். அவர், இது நடக்காது மேடம், புகைக்குழாயை உயரமாக் கட்டிடலாம்னுட்டார். எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு. அப்ப புகை பக்கத்துத் தெருவுல இறங்குமே, அங்க இருக்கறவங்க மூச்சு விட வேண்டாமான்னு கேட்டேன். இன்னொரு தடவை செய்யாம நகரமாட்டேன்னு நின்னேன்.

உடைஞ்ச மணியை லென்ஸ் வச்சுப் பார்த்தா உள்ளேயிருந்து வெடிச்சிருக்கு. சோப்பு ஒரேயடியா எரிஞ்சு, வாயு வெளிய வர வழியில்லாம முட்டியிருக்கு. அதனால நிதானமா காய வச்சு, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, காத்தையும் குறைச்சு விட்டோம். சூளை பார்க்கிறவர், பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கறீங்களேன்னு கிண்டல் பண்ணார். திறந்தோம், மணி மணியாவே இருந்துச்சு. நசுக்கிப் பார்த்தேன், விரல்தான் வலிச்சுது. கொட்டகைப் புகை வெளிய போற குழாய்ல போட்டதும் நல்லாத்தான் வேலை செஞ்சுது, அப்புறம் வார்னிஷ் பிசின் படிஞ்சு துளை அடைச்சுக்கிச்சு. இனி புகைக்குழாயே கட்டிடலாம்னு மேலாளர் முகத்துல என்ன நிம்மதிங்கறே! நான் விடல. முன்னாடி ஒரு வடிகட்டி வச்சு, அடைச்ச மணியை மறுபடி மெல்லச் சுட்டுப் போட்டேன், உயிர் வந்துடுச்சு.

போன வாரம் வார்னிஷ் பூசற பொண்ணு ஒருத்தி என்னைத் தேடி வந்தா. வீட்டுக்குப் போனதும் தலையைக் கட்டிக்கிட்டுப் படுத்துடறவ. அக்கா, நேத்து பிள்ளைக்குக் கதை சொல்லித் தூங்க வச்சேன்னு சொல்லிட்டு வேலைக்குத் திரும்பிட்டா. இதே மாதிரி வார்னிஷ் பூசற கொட்டகை இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, அதை முடிக்காம இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன். அம்மாவைப் பார்க்கணும்னா நீ கிளம்பி வா, கொட்டகைக்கே கூட்டிட்டுப் போறேன், மூக்கைப் பொத்த வேண்டாம்.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நிறைவா இருக்கணும். கண் டாக்டரைப் பார்க்கறதைத் தள்ளிப் போடாதே. தங்கச்சிக்குத் தனியா நாலு வரி எழுது, உன் மேல கோபமா இருக்கா.

கை நிறைய வேலையும் மனசு நிறைய உன் நினைப்புமா,
அம்மா