கருகிய ஓரம்

மார்ச் 4

கர்த்தருக்குள் அன்பான மனைவிக்கு,

உன் தங்கைக்குச் சுகப்பிரசவம் என்று அம்மா சொன்னார்கள். ஸ்தோத்திரம். நீ திரும்பி வரும்போது நம் ரொட்டிக்கடை காலியாக இருக்கும், பதறாதே. ஓவனைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். அதில் ஏழைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கப்போவதாகச் சபை மூப்பர் சொன்னார்.

பக்கத்துக் கடை மாவு வியாபாரி கல்லாவுக்குள் கை வைத்தபடியே செத்துச் சரிந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் விரலிலிருந்து நோட்டைப் பிரிக்க முடியவில்லை. அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யோசித்துப் பார். எனக்கு அங்கே போகப் பயமாக இருக்கிறது.

போதகரோடு ஊழியத்துக்குப் புறப்படுகிறேன். செல்போனை ஒப்படைத்துவிட்டேன், இனிக் கடிதம்தான். நம் பொக்கிஷம் மேலே போய்விட்டது. அங்கே பூச்சி அரிக்காது, துரு பிடிக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஊழியத்தில் மகிழும்,
உன் கணவன்

---

மார்ச் 9

பரலோகத்தில் இடம் பிடித்துவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

நலம் என்று தொடங்குவது வழக்கம், அதனால் நலம். வயிறு மட்டும் பற்றி எரிகிறது.

கடையைத் திறந்தேன். ஓவன் நின்ற இடத்தில் தரை வெளுத்துக் கிடக்கிறது. மாவு மூட்டைமேல் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க உங்கள் அம்மாதான் கை கொடுத்தார்கள். "சின்ன வயசுலயே அவன் இப்படித்தான். பக்கத்துல இருக்கிற பிள்ளையோட பென்சிலை எடுத்து இன்னொருத்தனுக்குத் தானம் பண்ணிட்டு, நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கிட்டு வருவான்" என்றார்கள். சிரித்தேன். ஆத்திரத்தில் வந்த சிரிப்பு.

உள்ளதை விற்றுக் கொடு என்று ஆண்டவர் அந்தப் பணக்கார வாலிபனிடம் சொன்னார். சரி. பெண்டாட்டியுடையதை எடுத்துக் கொடு என்று வேதத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்த ஓவன் என் அம்மா போட்ட சங்கிலி, என் வளையல். உங்கள் காசில் வந்தது வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போல என்று சொன்னால் உங்கள் போதகருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பூச்சியும் அரிக்கவில்லை, துருவும் பிடிக்கவில்லை. வாராவாரம் துடைத்து வைத்தவள் நான். தூக்கிக்கொண்டு போனது நீங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். 'அது என் மனைவியின் பொருள், அவளைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன்' என்று மூப்பருக்கு இரண்டு வரி எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோபத்துடன்,
உங்கள் மனைவி

---

மார்ச் 17

பிரியமானவளே,

உன் கடிதத்தைப் போதகருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நீ கேட்கும் இரண்டு வரியை எழுதினால், கொடுத்ததைத் திரும்பக் கேட்டவன் ஆவேன். என் ரட்சிப்பே போய்விடும். உனக்கு அது சம்மதமா?

நம் உறவும் இந்த உலகத்தோடு முடிகிறதுதான். மறுமையில் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. கணவன், மனைவி என்ற பேச்சே அங்கே கிடையாது. போகப்போகிற ஒன்றுக்காக ஏன் இத்தனை ஆத்திரம்? நீயும் இங்கே வந்துவிடு. படுக்கப் பாய் இருக்கிறது. அம்மாவை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

ஜெபத்துடன்,
உன் கணவன்

---

ஏப்ரல் 2

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். "அந்த யாராவதுங்கிறது யாருன்னு கேட்டு எழுது" என்றார்கள். கேட்டாயிற்று.

நான் இப்போது விடுதி ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறேன். மாவு பிசைந்த கை, சோப்பில் வெடித்துக் கிடக்கிறது. நேற்று அம்மா ரொட்டி கேட்டார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடை. வாங்கி, அங்கேயே பிரித்தேன். இடது ஓரம் மட்டும் கரி. அலமாரியைப் பார்த்தேன். அதில் பாதிக்கு அதே ஓரம், அதே கரி.

உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் கல்லாவில் இருப்பவர். நம் ஓவனின் இடது பின்மூலை சூடு அதிகம். பாதி வேக்காட்டில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அது கருக்கிவிடும். அந்த மூலையோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டியிருப்பேன்!

யாரையும் கேட்காமல் உள்ளே போனேன். என் ஓவன் நின்றது. கைப்பிடியில் நான் சுற்றிய கம்பிகூட அப்படியே இருந்தது. அந்தக் கடை, மூப்பரின் மருமகனுடையது. மூப்பரே வந்தார். ஏழைகளுக்கு என்றீர்களே என்று கேட்டேன். "ஏழைகளுக்குக் கொடுக்கணும்னா முதல்ல லாபம் வரணுமே சிஸ்டர்" என்றார். "உங்க வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் குடுக்கட்டும், தூக்கிட்டுப் போங்க."

இப்போதாவது எழுதுங்கள். உங்கள் பொக்கிஷம் மேலே போகவில்லை. பஸ் நிலையம் வரைதான் போயிருக்கிறது.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி

---

ஏப்ரல் 10

அன்புள்ள மனைவிக்கு,

மூப்பர் செய்தது தவறென்றால் தீர்ப்பு நாளில் அவர் பதில் சொல்வார். நான் கொடுத்தது அவருக்கல்ல, கர்த்தருக்கு. லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனதை மறந்துவிடாதே. நான் எழுத மாட்டேன். இனி இதைப் பற்றிக் கேட்காதே.

அம்மா அந்த ரொட்டியைச் சாப்பிட்டார்களா?

உன் கணவன்

---

ஏப்ரல் 28

ஐயா,

சாப்பிட்டார்கள். கரியைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை அல்லவா? மூப்பரே மைக்கைக் கையில் கொடுத்தார். அந்தக் கடையில் மறுபடி வாங்கிய ரொட்டியைப் பையிலிருந்து எடுத்தேன். "கர்த்தர் எனக்கு இந்த ரொட்டியைக் காட்டினார்" என்றேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். பிறகு அந்தக் கருகிய ஓரத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அல்லேலூயா நின்றுபோனது.

"ஏழைகளுக்குன்னு சொல்லி வாங்கின ஓவன் அது. அதுல சுட்ட ரொட்டியைச் சும்மா வாங்கின ஏழை யாராவது இருந்தா கை தூக்குங்க" என்றேன்.

ஒரே ஒரு கை எழுந்தது. உங்கள் அம்மா. "நானும் ஏழைதான். ஆனா எனக்குக் காசு வாங்கிட்டுத்தான் குடுத்தாங்க" என்றார்கள். முதலில் சிரித்தது போதகர் வீட்டம்மா. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து சபைப் பெண்கள் ஒருத்திகூட அந்தக் கடைக்குப் போகவில்லை. சனிக்கிழமை மூப்பர் தன் செலவில் வண்டி வைத்து ஓவனைக் கொண்டுவந்து இறக்கினார். உங்கள் இரண்டு வரி தேவைப்படவில்லை.

முதல் தட்டை இன்று வைத்தேன். பாதி வேக்காட்டில் திருப்பினேன். கருகவில்லை.

எனக்கும் அதே கர்த்தர்தான். உங்களைப் போலவே எனக்கும் நரகத்துக்குப் பயம் உண்டு. ஆனால் பெண்டாட்டிக்காக இரண்டு வரி உண்மை எழுதினால் போய்விடுகிற ரட்சிப்பு எனக்கு வேண்டாம். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா என்னோடு இருக்கிறார்கள். போகச் சொன்னாலும் போக மாட்டார்களாம்.

மறுமையில் கணவன், மனைவி என்ற பேச்சே கிடையாது என்று எழுதினீர்கள். அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? நான் இங்கேயே தொடங்கிவிட்டேன்.

வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடையில் அது ஒன்றுதான் உங்களுடையது. இஷ்டப்பட்டால் அதையும் சபைக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ரொட்டிக்காரி