கசடின் மேல் மழை

லா பாஸ், பொலிவியா,
11 பிப்ரவரி 1987

அன்பான எடுவார்தா அக்காவுக்கு,

உன் தங்கை பசிலியா எழுதுகிறேன். அரிக்காவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எங்களைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. என் வீட்டுக்காரர் இலாரியோனை இங்கே லா பாஸில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உயிர் இருக்கிறது. இதை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒருரோவில் அவர் பார்க்கும் உலை வேலை உனக்குத் தெரியும். சுரங்கத்திலிருந்து வரும் வெள்ளீயத்தில் இரும்பு, செம்பு, ஆர்சனிக் எல்லாம் கலந்திருக்கும். உருக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் அது சுத்தமான வெள்ளீயம். ஆர்சனிக்கைப் பிரிக்க உருகிய உலோகத்தில் அலுமினியத் துண்டுகளைப் போடுவார்கள். அலுமினியம் அதைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிறக் கசடாக மேலே மிதக்கும். அந்தக் கசடை வழித்துக் கொட்டகை மூலையில் குவிப்பது இவரும், இவருடைய கூட்டாளி செவெரினோவும்.

அந்த மூலைக்கு மேலே கூரை இருந்ததோ இல்லையோ என்றுதான் சொல்ல வேண்டும். உலைப் புகையும் ஈரமும் சேர்ந்து முதலில் தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்றன, பிறகு இரும்பைத் தின்றன. விரலால் அழுத்தினால் துரு உதிர்ந்து வானம் தெரியும். முதலாளி தோன் வால்தெரிடம் இவர் சொல்லியிருக்கிறார். "நாளெல்லாம் உலை முன்னாடி வேகுறீங்க. நாலு சொட்டு விழுந்தா குளிர்ச்சிதானப்பா" என்றாராம்.

போன வாரம் மழை கொட்டி அந்தக் குவியல் மேல் ஒழுகியது. அன்றைக்குக் காலையில் கொட்டகைக்குள் பூண்டு வாசனை வந்திருக்கிறது. செவெரினோவின் வாய் உனக்குத் தெரியுமே. "என்னடா இலாரியோன், உன் பொண்டாட்டி கிழங்கு போடாம வெறும் பூண்டையே அவிச்சுக் குடுத்திருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "என் டப்பாவ நான் இன்னும் தொறக்கவே இல்ல. உன்னோடதா இருக்கும்" என்றிருக்கிறார். யாருடைய சாப்பாடு என்று தெரியாமலே வேலை முடியும்வரை சிரித்திருக்கிறார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் போர்வை மேல் போர்வை கேட்டார். வாந்தி எடுத்தார். இடுப்பில் கத்தி இறங்குவது போல இருக்கிறது என்றார். கொல்லைக்குப் போய் வந்து என் முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்தேன். அக்கா, வாளியில் இருந்தது சிறுநீர் மாதிரி இல்லை. கறுத்த ஒயினைக் கொட்டி வைத்தது போல இருந்தது. "பீட்ரூட் தின்னேன்" என்றார். எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கி மாதக்கணக்காகிறது. பொய் சொல்லக்கூட யோசிக்க முடியாத அளவுக்குப் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒருரோ ஆஸ்பத்திரியில் டாக்டர் உர்கிதி என்று ஒரு பெண். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், பூண்டு வாசனை என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அங்க வேற யார் இருந்தா? உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். என்னவென்று கேட்டேன். தன் விரல்களை மடக்கிக் காட்டிச் சொன்னார். "ஆர்சனிக் அணுவுக்கு மூணு கை இருக்குன்னு வச்சுக்கங்கம்மா. மூணு கையாலயும் அலுமினியத்தப் புடிச்சிருக்கிறவரைக்கும் அது கசடாக் கிடக்கும். தண்ணி பட்டா அலுமினியம் இத விட்டுட்டு ஆக்சிஜன்கிட்டப் போயிரும். காலியான மூணு கையும் தண்ணியில மிச்சமிருக்கிற ஹைட்ரஜனப் புடிச்சுக்கும். அப்புறம் அது கசடு இல்ல, காத்து. கண்ணுக்குத் தெரியாது. மூச்சுல போயி ரத்தத்த உடைச்சிரும். உடைஞ்ச ரத்தம் சிறுநீரகத்த அடைச்சிரும்."

நான் செவெரினோ வீட்டுக்கு ஓடினேன். அவர் கார்னிவல் திருவிழாவுக்குக் கரடி வேஷம் தைத்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. "ஆஸ்பத்திரியில போயிப் படுத்துக்கிட்டா என் வேஷத்த யாரு ஆடுறது, நீயா?" என்று கேட்டார். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. மறுநாள் நிற்க முடியாமல் போன பிறகு அவருடைய தம்பி தூக்கி வந்தார்.

ஒருரோவிலிருந்து இருவரையும் இங்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடக்கிறார்கள். ரத்தத்தை மாற்றி ஏற்றியாகிவிட்டது. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. அது நின்று நின்று சத்தம் போடுகிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். செவெரினோ இன்று காலையிலிருந்து பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

உன் மாதா படத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்று. ஒருவருக்கு மட்டும் கேட்காதே.

உன் தங்கை,
பசிலியா


ஒருரோ,
17 மார்ச் 1987

அன்பான அக்காவுக்கு,

நீ அனுப்பிய கம்பளியும் கடிதமும் வந்தன. அத்தானுக்கு என் வணக்கம்.

செவெரினோ கார்னிவலுக்கு முன்பே இறந்துவிட்டார். இலாரியோனிடம் வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் சொன்னேன். "பொய் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் துணி எடுக்க ஒருரோவில் வீட்டுக்கு வந்திருந்தேன். உலைக் காவலாளி செனோபியோவின் மனைவி ஓடி வந்தாள். அரசாங்க அதிகாரிகள் பார்வையிட வருகிறார்களாம், அதற்குள் கசடுக் குவியலைத் தண்ணீர் அடித்துச் சாக்கடையில் தள்ளச் சொல்லியிருக்கிறாராம் முதலாளி. கூரையில் ஒழுகிய சில சொட்டு மழைக்கே இரண்டு பேர் விழுந்தார்கள். குழாய் நீரை அடித்தால் என்ன ஆகும்? சாக்கடையோரம் முழுக்க வீடுகள்.

உலைக்கு ஓடினேன், அக்கா. கொட்டகைக்குள் நுழையக்கூடத் தைரியம் வரவில்லை. சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். செனோபியோ குழாயைக் குவியல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "செவெரினோவக் கொன்னது இதுதாண்ணே. தண்ணி பட்டா உங்களையும் விடாது" என்றேன்.

தோன் வால்தெர், "இந்தாம்மா, போயி உன் புருஷனக் கவனி. உலை சங்கதி உனக்கெதுக்கு?" என்றார்.

செனோபியோ குழாயைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். மற்ற வேலையாட்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். தோன் வால்தெர் தானே போய் நீர்த்திருகில் கை வைத்தார். குவியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திருகைத் திறக்காமலே கையை எடுத்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதிகாரிகள் வந்தபோது குவியல் அங்கேயே இருந்தது. அவர்கள் உத்தரவுப்படி ஈரம் படாமல் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். கசடு போடும் மூலைக்கு மட்டும் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். மீதிக் கூரை பழைய துருக்கூரைதான். அதே உலை, அதே வேலை தொடர்கிறது.

இலாரியோன் வீட்டுக்கு வந்துவிட்டார். இயந்திரம் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சந்தைவரை நடந்தால் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது. இந்த நிலையில், அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பப் போகிறாராம். வேண்டாம் என்றேன். "எனக்கு வேற என்ன தெரியும் பசிலியா? பூண்டு வாசனை வந்தா வெளிய ஓடி வந்திர்றேன், போதுமா?" என்கிறார். வாசனையை நம்பக்கூடாது, மூக்குக்குத் தெரிவதற்குள் உடம்புக்குள் போயிருக்கும் என்று டாக்டர் அவர் எதிரிலேயே சொன்னார்.

அவருக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதே. இந்த வருடம் மழை இன்னும் ஓயவில்லை. கூரையில் முதல் துளி விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கரண்டியை வைத்துவிட்டு மேலே பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். பிறகு இருவரும் ஒன்றும் நடக்காதது போல சூப்பைக் குடிக்கிறோம்.

அதனால் உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். தான் வேலை பார்க்கும் துறைமுகத்தில் நம்பிக்கையான ஆள் இல்லாமல் திண்டாட்டமாக இருக்கிறது என்று அத்தான் இலாரியோனுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். உதவி செய்கிறேன் என்று எழுதினால் இவர் வரமாட்டார். நீ வந்து எனக்குக் கைகொடு என்று எழுதினால் வருவார். சுமை தூக்கும் வேலை வேண்டாம். காவல் வேலை, கணக்குப் பார்க்கும் வேலை, எதுவானாலும் சரி. நான் கேட்டேன் என்று ஒரு சொல்கூட வரக்கூடாது. உடனே எழுதச் சொல், அக்கா.

உங்கள் வீட்டில் ஒரு மூலை போதும் எங்களுக்கு. தண்ணீருக்குப் பஞ்சம், எல்லாம் மணல் என்று நீ குறைப்பட்டு எழுதுவாய். வருடக்கணக்கில் அங்கே மழையே பெய்யாதாமே. இன்னொரு தடவை அதை எழுது. அவருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை,
பசிலியா