மதகுப் புத்தகம்

4-6-1936

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. மூன்று வருஷமாக ஒரு வரி போடாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். முட்டி வலியில் படுத்திருந்தேன், உன் நினைப்பு வந்தது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அண்ணி கேட்கிறாள்.

எங்கள் நகரசபைக்கும் உங்கள் பாசனக் கம்பெனிக்கும் நடக்கும் வழக்கு தெரியுமே. ஏப்ரலில் பன்னிரண்டு நாள் மதகை அடைத்து ஊருக்குக் குடிதண்ணீர் விடவில்லை என்கிறோம். விட்டோம் என்று கம்பெனி, மதகு திறப்பதையும் அடைப்பதையும் நீ தினம் எழுதும் மதகுப் புத்தகத்தைக் காட்டுகிறது. எல்லாம் மையில், ஒரு சொட்டு ஈரம் படாமல். நீ ஈரக்கையோடு பென்சிலில்தானே எழுதுவாய்? சும்மா கேட்டேன்.

அண்ணன்


12-6-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் நகரசபைக் காகிதத்தில் வந்திருக்கிறது. கேட்பது என் அண்ணனா, ரெக்கார்டு குமாஸ்தாவா?

தம்பி


17-6-1936

அன்புத் தம்பிக்கு,

போடா, வீட்டில் காகிதம் தீர்ந்துபோச்சு. அதற்கு இத்தனை சந்தேகமா? அடுத்த வீட்டுக் குழந்தை அப்போது கலங்கல் தண்ணீரைக் குடித்துப் பத்து நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தது. அதனால்தான் மனசு கேட்கவில்லை. எனக்கு மட்டும் சொல். அம்மா மேல் ஆணை, என்னோடு இருக்கும்.

அண்ணன்


23-6-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள். பன்னிரண்டு நாளும் மதகு அடைத்துத்தான் கிடந்தது. பென்சிலில் அப்படியேதான் எழுதினேன். மானேஜர் அதைப் பிடுங்கிக்கொண்டு, புதுப் புத்தகம் கொடுத்து, எதிரில் உட்காரவைத்து மையில் எழுதச் சொன்னார். வேலை போய்விடும் என்று எழுதிவிட்டேன். அந்தக் குழந்தையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

படித்ததும் கிழித்துவிடுங்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தம்பி


9-7-1936

ரெக்கார்டு குமாஸ்தா அவர்களுக்கு,

ஐயா, நேற்று கோர்ட்டில் உங்கள் வக்கீல் என் கடிதத்தை வெந்நீர் ஒத்தடம் வரைக்கும் விடாமல் வாசித்தார். சிலர் சிரித்தார்கள். கையெழுத்து என்னுடையதுதானா என்று காட்டிக் கேட்டபோது பார்த்தேன். வந்த அன்றைக்கே 'பெறப்பட்டது' முத்திரை குத்தி வரிசை எண் போட்டிருக்கிறீர்கள். முட்டி தேவலையா என்று நலம் விசாரித்த என் முதல் கடிதத்துக்கும் எண் இருந்தது.

ஊருக்குத் தண்ணீர் வரும், அது நியாயம். சாட்சி சொல்ல வாடா என்று நேராகக் கூப்பிட்டிருந்தால் நானே கூண்டில் ஏறியிருப்பேன். இன்று காலை மதகுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இனி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் தெரியவேண்டும். முட்டி வலி நிஜம்தானா?

மதகுக்காரனாக இருந்தவன்