சிவப்பைத் தொட்டவன்

12.7.2009, ஞாயிறு

இன்னும் நம்ப முடியவில்லை. ஆவணியில் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அத்தை மகன் குமரன் இன்று வீட்டுக்கு வந்திருந்தான். அண்ணன் புதிதாக வாங்கிய வீடியோ கேமை டிவியில் போட்டு அவனை ஆடச் சொன்னான். கையில் மின்னல் பாயும் ஒரு வீரன் பெரிய நகரம் ஒன்றில் இஷ்டப்படி சுற்றுகிறான். ஓரிடத்தில் பாலம் இடிந்து பஸ் தொங்கியது. நீல வெளிச்சத்தைத் தொட்டால் பஸ்ஸைத் தூக்கிக் காப்பாற்றலாம். சிவப்பைத் தொட்டால் உள்ளே இருப்பவர்களின் உயிர் வீரனுக்குப் பலமாக ஏறும்.

குமரன் சிவப்பைத் தொட்டான். பஸ் ஆற்றில் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பட்டுக்கடை வீட்டுப் புள்ளைக்கு முகூர்த்தக் கலர் மேல தானே கை போகும்" என்று அண்ணனிடம் பரிந்து வேறு பேசினேன், புத்தி கெட்டவள். என் கல்யாணப் புடவையும் அதே அரக்குச் சிவப்பில்தான் தறியில் ஓடுகிறது. "இதுல செவப்பு கெட்டதுபா" என்று அவனுக்கும் சொன்னேன்.

"தெரியும்மா. அதான் டிவில கீழயே எழுதிக் காட்டிக்கினு இருக்குதே."

மறுபடியும் சிவப்புதான். கடைசியில் தெருவில் போகிறவர்கள் வீரனைக் கண்டதுமே அலறி ஓடினார்கள். குமரன் சிரித்தான். "பாரு, இப்பதான் மதிக்கிறானுங்க."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா, பயந்துட்டியா?" என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதே சிரிப்பைச் சிரித்தான்.