கையால் மிதிக்கும் கிளட்ச்

பேக்கர்ஸ்ஃபீல்டு
அக்டோபர் 5, 1952

லாஸ் ஏஞ்சலஸ் போலியோ வார்டின் பதினோராம் கட்டிலில் கொலுவீற்றிருக்கும் என் அண்ணன் மகள் மேக்சினுக்கு,

சித்தப்பா ஆர்வில் எழுதுவது. நான் நலம். என் கராஜில் நிற்கும் உன் முப்பத்து நாலாம் வருஷத்து ஃபோர்டு கூபே என்னைவிட நலம்.

சனிக்கிழமை உங்கப்பா ஒரு கோழிப்பண்ணைக்காரரோடு வந்தார். கூபேயின் பின்பாதியை வெட்டியெறிந்துவிட்டுத் தீவன மூட்டை ஏற்றப் போகிறாராம் அந்த மனிதர். "புள்ளைக்குக் கால் போச்சு. இது இனி எதுக்குடா?" என்றார் அண்ணன். நான் முன்சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்தேன். இந்தத் தொப்பையை டாங்கிப் படையாலும் தாண்ட முடியாது என்பதை ஒரே பார்வையில் அளந்துகொண்டு கோழிக்காரர் நடையைக் கட்டினார்.

இனி நற்செய்தி. காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் நீ சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாயே, அந்தக் கோட்டிலேயே, பந்தயக் கார்க்காரர்கள் செய்வதுபோல, கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்திவிட்டேன். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, முன்கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் சாய்வானவை என்று. மேல் தூணும் கீழ்த் தூணும் கோர்ட்டுக்குப் போன புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன. கூரையை நடுவில் பிளந்து ஒரு பட்டைத் தகடு வைத்து ஒட்டி, இருவரையும் சேர்த்து வைத்தேன். இப்போது கார் முறைத்துப் பார்க்கிறது. எதிர்வீட்டு ஹேசலின் நாய் அந்தப் பக்கம் வருவதில்லை.

உன் தளபதி,
ஆர்வில் சித்தப்பா

---

அக்டோபர் 19

சித்தப்பா,

என் கோட்டில் கத்தி வைக்க உங்களுக்கு யார் சொன்னது? அந்த வெட்டுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவள் நான். தூண் சாய்வு எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வலது கால் வேலை செய்கிறது. இடது கால் தூங்குகிறது. இனி எழாது என்று டாக்டர் நேற்றுச் சொன்னார். இடுப்பிலிருந்து குதிகால்வரை இரும்புச் சட்டம் மாட்டப் போகிறார்கள். அப்பா கட்டிலருகே உட்கார்ந்து, காரை விற்றுவிட்டு வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகை போடுவதாகச் சொன்னார். என் காரை விற்றுத்தான் பலகை வாங்க வேண்டுமா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

ஒரே ஒரு கேள்வி. வழக்கமான அளப்பு வேண்டாம். சட்டம் மாட்டிய காலோடு அந்தத் தாழ்ந்த கூரைக்கு அடியில் ஒருத்தி நுழைய முடியுமா?

மேக்சின்

---

நவம்பர் 2

மகளே,

உன் கேள்விக்காக உடம்பைப் பணயம் வைத்தேன். இடுப்பு முதல் குதிகால்வரை இரண்டு பலகைகளை வைத்துக் கட்டிக்கொண்டு கூபேக்குள் நுழைந்து பார்த்தேன். முந்நூற்றுப் பதினேழு முறை. கடைசி முறை மாட்டிக்கொண்டேன். ஹேசல் வந்து குனிந்து, "ஆர்வில், நீங்க உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா?" என்றாள். "அது தெரிஞ்சா நான் ஏன் கத்துறேன்?" என்றேன். பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். பெல்ட் மட்டும் வந்தது.

உண்மை கேட்டாய். முடியவில்லை, மேக்சின்.

அதனால் ஒன்று நினைத்தேன். வெட்டிய மூன்று அங்குலத்தை மறுபடி வைத்து ஒட்டிவிடுகிறேன். கிளட்ச் மிதிக்கத்தானே இடது கால்? காயலான் கடையில் ஓல்ட்ஸ்மொபீல் காரின் தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒன்று கிடக்கிறது. அதில் கிளட்ச்சே கிடையாது. மாட்டிவிட்டால் நீ சும்மா உட்கார்ந்தால் போதும். என்ன சொல்கிறாய்?

ஆர்வில்

---

நவம்பர் 16

சித்தப்பா,

சும்மா உட்காரத்தான் இங்கே சொல்லித் தருகிறார்கள். அதற்கு எனக்குக் கார் வேண்டாம். அந்தப் பெட்டியை மாட்டினீர்களானால் கூபேயைக் கோழிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

கூரையைத் தொடாதீர்கள். இருக்கையைக் கழற்றி நேராகத் தரையில் முடுக்குங்கள். நீங்கள் தலையை முன்னால் நீட்டி நுழைந்திருப்பீர்கள். இந்தக் கதவுக்குக் கீல் பின்னால் இருக்கிறது. அதனால் முதுகு முதலில் போக வேண்டும். உட்கார்ந்த பிறகு காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இன்னொன்று: என் சட்டத்துக்கு முழங்காலில் பூட்டு உண்டு, திறந்தால் மடங்கும். பலகை மடங்காது.

கிளட்ச்சைக் கையால் மிதிப்பேன். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் முக்கால் அங்குலக் குழாயில் ஒரு நெம்புகோல் வையுங்கள். அதிலிருந்து பெடலுக்கு ஒரு கம்பி. இடது கை அதில், வலது கை கியரில். அப்போது ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று கேட்பீர்கள். ஒரு மூச்சு நேரம் யாரும் பிடிக்க வேண்டாம். செப்டம்பரில் ஒன்பது நாள் எனக்காக மெஷின்தான் மூச்சு விட்டது. ஒரு மூச்சு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

மேக்சின்

---

பிப்ரவரி 22, 1953

இரும்பையும் இரும்பு மனிதர்களையும் வளைக்கும் மேக்சின் மகாராணிக்கு,

ஆணைகள் நிறைவேறின. இருக்கை தரையில். நெம்புகோல் இடப்பக்கத்தில். இடது காலைத் துண்டால் இருக்கையோடு கட்டிவிட்டு நானே ஓட்டிப் பழகினேன். முதல் நாற்பது தடவை எஞ்சின் செத்தது. நாற்பத்தொன்றாம் தடவை, நீ பூட்டிய மூன்று கார்புரேட்டரும் ஒன்றாக உறும, கார் கிளம்பியது. நீ சொன்ன அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் வீட்டுத் தபால்பெட்டி காலமானது. இந்தக் கடிதத்தை அஞ்சலகம்வரை நடந்து போய்த்தான் போடுகிறேன்.

அண்ணன் எல்லாவற்றையும் வேலியோரம் நின்று பார்த்தார். "அவ விழுந்து சாகட்டும்னு பண்றியா?" என்றார். தெருவே கேட்கும்படி சொன்னேன்: "அது அவ காரு. அவதான் ஓட்டுவா. தடுக்க நீங்க யாரு, நான் யாரு?"

வா, மகளே. சாவி உன் கைக்குத்தான். இது கலிபோர்னியா மண்மீது ஆணை.

ஆர்வில் சித்தப்பா

---

கராஜ் மேசைமேல்
ஜூன் 12, வெள்ளி, காலை ஆறு மணி

சித்தப்பா,

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. திங்கட்கிழமை காரில் ஏறும்போது ஊன்றுகோல் வழுக்கி விழுந்தேன். உதடு கிழிந்தது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எஞ்சின் உயிர் பிடிக்கவில்லை. தீப்பொறிக் காயிலில் கோளாறு, புதியது வர ஒரு மாதம் ஆகும் என்றீர்கள்.

இன்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ரோட்டர் இல்லை. கட்டைவிரல் அளவுத் துண்டு. அது சுழன்று பங்கிடாமல் எஞ்சினுக்குத் தீப்பொறி போகாது. தானாக நடந்து போகிற சாமான் இல்லை அது.

அப்பா எதிரே நின்று தடுத்தார். நீங்கள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தடுத்தீர்கள். எது மோசம் என்று யோசித்தேன். இன்னும் தீர்மானிக்கவில்லை.

கூபேயில் இருப்பதும் உங்கள் லாரியில் இருப்பதும் ஒரே வருஷத்து எஞ்சின். லாரியின் ரோட்டரைக் கழற்றிக் கூபேயில் மாட்டிக்கொண்டேன். லாங் பீச்சில் ஒரு மெஷின் ஷாப்பில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. விலாசம் பின்பக்கம்.

மேக்சின்

---

பேக்கர்ஸ்ஃபீல்டு
ஜூன் 14, 1953

மேக்சின்,

இன்று பட்டம் எதுவும் எழுத வரவில்லை.

நான்தான் எடுத்தேன். ஒன்பது மாதம் உங்கப்பாவிடம் தொண்டை கிழியக் கத்த முடிந்தது, உன் கட்டில் நூறு மைல் தள்ளி இருந்ததால். நீ சிமென்ட் தரையில் விழுந்த சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டதும் என் வீரம் அத்தனையும் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அண்ணன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "லாரிய எடுடா. அவ தெற்கே போறா, மலையடிவாரத்துலயே மடக்கிடலாம்." உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுப் புடைத்திருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார். கூபேயிலிருந்து நான் கழற்றிய ரோட்டர் அங்கேதான் இருந்தது. லாரியில் போட ஐந்து நிமிஷம் போதும். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.

"போட்டாலும் பிடிக்க முடியாதுண்ணே" என்றேன். "அது அவ கட்டின எஞ்சின்."

அவர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். வெறுங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "மலை ஏறுறப்ப ரெண்டாம் கியருக்கு இறக்கணுமே. ஒரு கையால முடியுமா அவளால?" உன் அப்பா அந்தக் காரைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. முடியும் என்றேன். எப்படி என்றார். நெம்புகோலுக்குப் பதிலாக லாரி ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு துடைப்பக் கட்டையை நட்டு வைத்துச் செய்து காட்டினேன். பிறகு அவர் செய்து பார்த்தார். மதியச் சாப்பாடுவரை செய்து பார்த்தார்.

லாரி இன்னும் அப்படியே நிற்கிறது. நாங்கள் துரத்தவில்லை.

எழுது. எழுதாவிட்டாலும் ஓட்டு.

ஆர்வில்